ஹூக்ளிக் கரையில் ஐந்து நாள்கள்: வாசகர் கேள்வி–பதில்

அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில், இம்முறை கொல்கத்தாவைக் குறித்தவையே மிகுதி. ரயிலில் 60 நாள்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது என்பதால், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே திட்டம் தெளிவாக இருக்கட்டும் என்று அவற்றையெல்லாம் சேர்த்து இந்த இதழிலேயே பதிலளிக்கிறேன். பிற ஊர்களைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

திருச்சி வாசகர்: நானும் மனைவியும், 12 வயது மகளும், 7 வயது மகனும், 70 வயதைக் கடந்த என் பெற்றோரும் டிசம்பர் கடைசி வாரத்தில் கொல்கத்தாவில் ஐந்து நாள்கள் தங்க இருக்கிறோம். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் 22 இடங்கள் கொண்ட பட்டியலைத் தந்திருக்கிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. எவற்றைப் பார்ப்பது, எவற்றை விடுவது?

முதல் வேலையாக அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் அடித்துவிடுங்கள். அதைப் போட்டவர் கொல்கத்தாவின் வரைபடத்தைப் பார்த்திருக்கிறாரே தவிர, டிசம்பரில் அங்கே பொழுது சாயும் நேரத்தைப் பார்க்கவில்லை. சென்னையில் அந்த மாதக் கடைசியில் ஐந்தே முக்காலுக்கு மேல்தான் சூரியன் மறையும். நமக்கு வெகு கிழக்கே இருக்கும் கொல்கத்தாவிலோ ஐந்து மணிக்கே மறைந்து, ஐந்தரைக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். விடுமுறைதானே என்று நிதானமாகப் பலகாரம் சாப்பிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பி, மதியம் அறைக்குத் திரும்பிச் சற்றுக் கண்ணயர்ந்து, நான்கு மணிக்கு மறுபடி புறப்படுகிற குடும்பம், அந்த ஊரில் பாதிப் பகலைத் தொலைத்துவிட்டுத்தான் திரும்பும். காலை ஏழரைக்கு விடுதி வாசலைத் தாண்டிவிடுங்கள். பெரிய இடம் ஒன்றை முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் அதே பகுதியில் உள்ள சிறிய இடம் ஒன்று போதும். இந்தக் கணக்கில் ஐந்து நாள்களுக்குப் பத்து இடங்கள் வரும். பெரியவர்களின் முழங்கால் தாங்குவதும் அவ்வளவுதான்.

அடுத்து, கிழமையைப் பாருங்கள். விக்டோரியா நினைவகத்தின் காட்சிக்கூடங்கள், இந்திய அருங்காட்சியகம், ஜோராசாங்கோவில் தாகூர் பிறந்த வீடு, எல்கின் சாலையில் உள்ள நேதாஜி பவன் ஆகிய நான்கும் திங்கட்கிழமை மூடியிருக்கும். அலிப்பூர் விலங்குக்காட்சி சாலைக்கும், அன்னை தெரசாவின் கல்லறை அமைந்த மதர் ஹவுஸுக்கும் வியாழக்கிழமை விடுமுறை. இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு திங்கட்கிழமை காலை, இரண்டு பிள்ளைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் சுமந்துகொண்டு, அருங்காட்சியகத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுதான் தெரிந்துகொண்டேன். காவலாளி எங்களைப் பார்த்த பார்வையில் வியப்பே இல்லை. வாரந்தோறும் எங்களைப் போன்ற குடும்பங்களைப் பார்த்துப் பழகியவர் போலும்.

ஐந்து நாள்களில் ஒரு நாளை முழுமையாக ஆற்றுக்குக் கொடுங்கள். கொல்கத்தாவுக்கு வரும் பலர் விக்டோரியா நினைவகத்தின் பளிங்கைப் பார்த்துவிட்டு ஊர் முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். அந்த ஊர் ஹூக்ளியின் கரையில் எழுந்து, ஹூக்ளியாலேயே பிழைத்த ஊர். ஆற்றின் மேல் நின்று பார்த்தால்தான் அதன் முகம் தெரியும். அன்று மட்டும் விடியும் முன்பே எழுந்து, ஹவுரா பாலத்தின் கிழக்கு முனையில் கரையை ஒட்டி நடக்கும் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போய்விடுங்கள் ('காட்' என்றால் படித்துறை). சாமந்திச் சரங்களைக் கயிறு சுருட்டுவதுபோல் சுருட்டி, ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டு சுமைக்காரர்கள் வருவார்கள். வருபவரின் முகம் தெரியாது. மஞ்சள் குன்று ஒன்று நம்மை நோக்கி நடந்து வருவதுபோல் இருக்கும். வழிவிடச் சொல்லி அவர் கத்துவது வங்காளத்தில் என்றாலும் உங்கள் மகனுக்கு உடனே புரிந்துவிடும். தரை முழுவதும் நீரும் நசுங்கிய இதழ்களுமாக வழுக்கும். ஆகவே அப்பாவை உள்ளே அழைத்துச் செல்லாமல், சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் அம்மாவுடன் உட்காரவைத்துவிடுவது நல்லது. கையடக்கமான மண் குவளையில்தான் தேநீர் தருவார்கள். அதை 'பாட்' என்பார்கள். குடித்து முடித்ததும் குவளையை அங்குள்ள கூடையில் போட்டுவிட வேண்டியதுதான். ஊருக்கு எடுத்துப்போக வேண்டும் என்று உங்கள் மகள் ஒன்றைக் கழுவிப் பையில் வைத்துக்கொள்வாள் என்பது என் ஊகம்.

அங்கிருந்து பாலத்தின் நடைபாதைக்கு ஏறலாம். 1943-இல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்துக்கு ஆற்றின் நடுவே தூண் கிடையாது. இரு கரைகளிலிருந்தும் நீண்டு வரும் எஃகுக் கைகள் நடுவில் சந்திக்கின்றன. ஏறக்குறைய 26,500 டன் எஃகு செலவான அந்த உடல், முழுவதும் தறையாணிகளால் இணைக்கப்பட்டது. பாலத்தின் சட்டங்களில் ஒரு நட்டும் போல்ட்டும் கண்டுபிடித்துக் காட்டினால் பத்து ரூபாய் என்று மகனிடம் பந்தயம் கட்டுங்கள். பாலத்தைக் கடந்து முடிக்கும்வரை அவன் பசி என்று சொல்ல மாட்டான். மறுகரையை அடைந்ததும் ஹவுரா படகுத்துறையில் சீட்டு வாங்கிக்கொண்டு, பயணிகள் படகில் பாபு காட் படித்துறைக்குத் திரும்பி, கரையோரமாகவே பிரின்செப் காட் படித்துறைக்குப் போங்கள். வெள்ளைத் தூண்கள் நிற்கும் அந்த மண்டபம் ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக எழுப்பப்பட்டது. பிராமி எழுத்துகளை 1837-இல் படித்துக் காட்டியவர் அவர். மதுரைக்கு அருகே மாங்குளம் குகையில் உள்ள தமிழி எழுத்துகளைப் பின்னாளில் நம் அறிஞர்கள் படிப்பதற்கு முதல் திறவுகோல் கிடைத்தது அவர் வழியாகத்தான். கீழடியைப் பள்ளியில் படித்திருக்கும் மகளிடம் இதைச் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் உட்காருங்கள். நான்கரை மணிக்கு மேல், 1992-இல் திறக்கப்பட்ட வித்யாசாகர் சேது பாலத்தின் வடங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். நாட்டுப் படகில் அரைமணி நேரம் சுற்றிவர விரும்பினால், ஏறும் முன்பே தலைக்கு எவ்வளவு என்பதல்லாமல் படகுக்கு எவ்வளவு என்று பேசி முடித்துவிடுங்கள்.

பெற்றோருக்கான நாள் தட்சிணேஸ்வரமும் பேலூர் மடமும். மெட்ரோ ரயில் 2021 முதல் தட்சிணேஸ்வரம் வரை செல்கிறது. நிலையத்தை ஒட்டியே ஆகாயப் பாதையும் நகரும் படிகளும் இருப்பதால் அப்பாவின் முழங்காலுக்குச் சிரமம் குறைவு. ராணி ராசமணி கட்டிய காளி கோயில் 1855-இல் குடமுழுக்குக் கண்டது. ஒன்பது சிகரங்களும், ஆற்றங்கரையோரம் வரிசையாக நிற்கும் பன்னிரண்டு சிவன் சந்நிதிகளும், ராமகிருஷ்ணர் வாழ்ந்த சிறிய அறையும் அங்கே உண்டு. காலையிலேயே தரிசனம் முடித்துவிட்டுக் கோயில் துறையிலிருந்து படகில் ஏறினால் எதிர்க்கரையில் பேலூர். மடத்தை நண்பகலுக்கு முன்பே அடைத்துவிட்டுப் பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்குத்தான் மீண்டும் திறப்பார்கள் என்பதால் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு போங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஜனவரி 1 அன்று இந்தப் பக்கமே போக வேண்டாம். அது கல்பதரு நாள். ராமகிருஷ்ணர் 1886-இல் அன்றைய தினம் அடியார்களுக்கு அருள் வழங்கியதை நினைந்து ஊரே திரண்டு வரும். வரிசையில் நின்றே நாள் கழிந்துவிடும்.

மூன்றாவது நாள், மைதானம் என்று அழைக்கப்படும் ஊர் நடுவிலுள்ள பெரிய புல்வெளியைச் சுற்றி. கர்சன் பிரபு எண்ணி, 1906-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1921-இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவகத்துக்குக் காலைப் பனி விலகும் முன்பே தோட்ட வழியாகப் போய்விட்டால், பளிங்கின் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். உள்ளே ஒன்றரை மணி நேரம் போதும். மற்ற இரு நாள்களுக்கான யோசனைகள் கீழே வரும் பதில்களில் இருக்கின்றன.

தூத்துக்குடி வாசகி: ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ரயில் ஓடுவதைக் கேள்விப்பட்டதிலிருந்து என் பிள்ளைகள் கண்ணாடி வழியே மீன் தெரியும் என்று கனவு காண்கிறார்கள். உண்மையில் என்ன தெரியும்?

மீன் தெரியாது, தண்ணீரும் தெரியாது. அதை இப்போதே சொல்லிவிட்டால் அங்கே போய் முகம் வாடாது. சுரங்கம் ஆற்றின் படுகைக்கும் கீழே கான்கிரீட் வளையங்களுக்குள் செல்கிறது. ஆற்றுக்கு அடியில் உள்ள பகுதியைப் பயணிகள் அறிந்துகொள்வதற்காக நீல விளக்குகள் பொருத்தியிருக்கிறார்கள். 520 மீட்டர் நீளத்தை ரயில் ஏறக்குறைய 45 விநாடிகளில் கடந்துவிடும். கைபேசியை எடுத்துப் படம்பிடிக்கத் தொடங்கும்போதே முடிந்துபோகும் காட்சி அது.

இருந்தாலும் போகச் சொல்வேன். இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபர் 24 அன்று இந்த ஊரில்தான் எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே ஓடியது; நாற்பதாண்டுகள் கழித்து 2024 மார்ச்சில், ஆற்றுக்கு அடியிலும் நாட்டிலேயே முதன்முதலாக அங்கேதான் ஓடியது. பிள்ளைகளுக்கு உறைக்கும்படி இதைக் காட்ட ஒரு வழி உண்டு. போகும்போது எஸ்பிளனேடிலிருந்து ஹவுராவுக்கு மெட்ரோவில் ஆற்றின் அடியே செல்லுங்கள். ஹவுரா நிலையம் மிக ஆழத்தில் இருப்பதால், நகரும் படியில் ஏறி, இன்னொன்றில் ஏறி, மறுபடியும் ஏறி வெளியே வந்தால், எதிரே அதே ஆறு விரிந்து கிடக்கும். திரும்பும்போது படகில் ஏறி அதன் மேல் வாருங்கள். நடு ஆற்றில் படகு ஆடும்போது, 'இப்போது நமக்குக் கீழே ஒரு ரயில் போய்க்கொண்டிருக்கிறது' என்று சொன்னால், அந்த 45 விநாடிகளில் விளங்காதது அப்போது விளங்கும்.

தஞ்சாவூர் வாசகர்: என் தந்தைக்கு 82 வயது. சிறுவனாகச் சென்னையில் டிராமில் போனதை இன்றும் சொல்வார். கொல்கத்தாவில் அவரை டிராமில் ஏற்ற முடியுமா?

முடியும், ஆனால் தள்ளிப்போட வேண்டாம். சென்னையில் 1895-இல் தொடங்கிய டிராம் 1953-இல் நின்றது. கொல்கத்தாவில் 1873-இல் குதிரை இழுக்கத் தொடங்கி, 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது இன்றும் அடியோடு நிற்கவில்லை. ஒரு காலத்தில் ஊர் முழுக்கப் பரவியிருந்த தடங்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. மைதானத்தையொட்டிய தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்துவதாக மாநில அரசு 2024-இல் அறிவித்தது. ஆகவே விடுதியில் விசாரிப்பதைவிட, எஸ்பிளனேடு டிப்போவுக்கே நேரில் போய், அன்று எந்த வண்டி எந்த நேரத்தில் கிளம்புகிறது என்று கேட்பதுதான் நம்பகமானது. படி உயரமாக இருக்கும். டிப்போவில் நிற்கும் வண்டியில் ஏறினால் நடத்துநர் கைகொடுத்து ஏற்றுவார், நடுவழி நிறுத்தத்தில் அதற்கு அவகாசம் இருக்காது. முற்பகல் பதினோரு மணிக்கு மேல் கூட்டம் தணிந்திருக்கும் வேளையாகப் பார்த்து, சன்னலோர மர இருக்கையில் தந்தையை உட்காரவையுங்கள். வண்டி மெதுவாகத்தான் போகும். சைக்கிள்காரர் நம்மை முந்திச் செல்வார்.

கோவை வாசகி: அருங்காட்சியகம் என்றாலே என் மகன்கள் (9, 13 வயது) முகம் சுளிக்கிறார்கள். அவர்களை இழுத்துச் செல்வது நியாயமா?

முழு அருங்காட்சியகத்தையும் காட்ட நினைப்பதுதான் நியாயமில்லாதது. 1814-இல் தொடங்கப்பட்ட இந்திய அருங்காட்சியகம் நம் நாட்டிலேயே பழமையானது. நம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு முப்பத்தேழு ஆண்டுகள் மூத்தது. அதை ஒரே நாளில் சுற்றிவருவது பெரியவர்களாலும் ஆகாது. உள்ளூர்க்காரர்கள் அதை 'ஜாதுகர்' என்பார்கள், மாய வீடு என்று பொருள். அந்தப் பெயருக்கு ஏற்றபடி மூன்றே இடங்களுக்கு மட்டும் போங்கள். முதலில் எகிப்திலிருந்து வந்த மம்மி. அடுத்து, மாபெரும் விலங்குகளின் எலும்புக்கூடுகள் நிற்கும் கூடம். மூன்றாவதாக, பார்ஹுத் தூபியின் சிவந்த கல்வேலி. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கற்களில் யானையும் குரங்கும் மானுமாகப் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். எந்தக் கல்லில் எந்தக் கதை என்று பையன்களே தேடட்டும். ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள்; இன்னும் பார்க்க வேண்டும் என்று அவர்களே கேட்டால் மறுநாள் வரலாம்.

மேலும், உங்கள் மூத்த மகனுக்கு நேதாஜி பவன் பிடிக்கும். வீட்டுக்காவலில் இருந்த சுபாஷ் சந்திர போஸ், 1941 ஜனவரி 16 நள்ளிரவு கடந்த வேளையில், மாறுவேடத்தில், அண்ணன் மகன் சிசிர் ஓட்டிய காரில் அந்த வீட்டிலிருந்துதான் தப்பினார். அந்த வாண்டரர் கார் இன்றும் அங்கே நிற்கிறது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து இந்தியத் தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களின் வரலாறு, ஒருவகையில் அந்தக் காரிலிருந்தே தொடங்குகிறது என்று சொல்லலாம்.

இளையவனுக்கு அறிவியல் நகரம். 1997-இல் திறந்த இந்த வளாகம் கிழக்குப் புறவழிச்சாலையில் இருக்கிறது. கம்பிவடத் தொட்டியில் மேலே சென்றபடி முழு இடத்தையும் பார்க்கலாம். எதையும் தொட்டு, திருகி, தள்ளிப் பார்க்கலாம். திங்கட்கிழமை மற்றவை மூடியிருப்பதால் இதை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழையோ அசதியோ வந்து அவ்வளவு தூரம் போக இயலாவிட்டால், குருசதய் சாலையில் உள்ள பிர்லா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்குவதுபோலவே அமைத்திருக்கும் மாதிரிச் சுரங்கத்தைப் பார்த்துவிட்டு வரலாம். அலிப்பூர் விலங்குக்காட்சி சாலையை டிசம்பர் 25-இலும் ஜனவரி 1-இலும் தவிர்த்துவிடுங்கள். அந்த இரண்டு நாளும் வங்காளக் குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடைகளோடு விலங்குக்காட்சி சாலைக்குப் போவது தலைமுறை வழக்கம். புலியைப் பார்ப்பதற்குள் முன்னால் நிற்பவர்களின் கம்பளித் தொப்பிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கும்பகோணம் வாசகர்: நாங்கள் சைவ உணவுக்காரர்கள். மீனூரில் ஐந்து நாள்கள் எப்படிச் சமாளிப்பது? அம்மாவுக்கு ஒரு வேளையாவது ரசம் சாதம் வேண்டும்.

ரசம் சாதத்திலிருந்தே தொடங்குகிறேன். தெற்குக் கொல்கத்தாவில் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட் பகுதி, பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் இடம். காளிகாட் மெட்ரோ நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் வந்துவிடும். காபிக்கொட்டை வறுக்கும் வாசனை வழிகாட்டும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழையிலை, அப்பளம் எல்லாம் கண்ணில் படும். இலைச் சாப்பாடு போடும் உணவகங்களும் அங்கே உண்டு. அம்மாவுடன் தங்குவதாக இருந்தால் விடுதியையே அந்தப் பக்கமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. பார்க் தெருவின் பகட்டு கிடைக்காது. காலையில் வாய்க்குப் பிடித்த காபி கிடைக்கும்.

ஆனால் ஐந்து நாள்களும் இட்லியிலேயே கழித்துவிட்டு வந்தால் பயணம் போனதற்கு என்ன பொருள்? உணவகத்தில் 'வெஜ்' என்பதோடு நிற்காமல், 'நிராமிஷ்' என்று கேளுங்கள். மீன், இறைச்சி, முட்டை எதுவும் சேராதது என்று அவர்களுக்குத் தெளிவாகப் புரியும். விதவைப் பெண்களின் கட்டுப்பாடான அடுக்களையில் வளர்ந்த நிராமிஷ் சமையல், பல இடங்களில் வெங்காயம், பூண்டுகூட இல்லாதது என்பதால் உங்கள் வீட்டு வழக்கத்துக்கும் ஒத்துவரும். காலைப் பலகாரமாக, உள்ளே பருப்பு வைத்துப் பொரித்த கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் தெருவோரக் கடைகளில் சுடச்சுடக் கிடைக்கும். நம் பூரியின் தம்பியான லூச்சி, மைதாவில் செய்வதால் வெள்ளை வெளேரென்று உப்பியிருக்கும். பொதுவாகக் கடுகெண்ணெயில் சமைப்பார்கள்; அதன் காரமான நெடி முதல் நாள் மூக்கில் ஏறும். பெரியவர்களுக்கு வயிறு ஏற்குமா என்று பார்த்துக் கொஞ்சமாகத் தொடங்குவது நல்லது. ஜால்முரி விற்பவர் தகர டப்பாவில் பொரி, வெங்காயம், மிளகாய், தேங்காய்த் துண்டு எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கி, மேலே பச்சைக் கடுகெண்ணெயை ஒரு சொட்டு விடுவார். வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள் என்பது என் பரிந்துரை.

நாகர்கோவில் வாசகி: டிசம்பருக்குப் பதிலாகத் துர்கா பூஜைக்கே போனால் என்ன?

கைக்குழந்தையோ முதியவரோ உடன் வராவிட்டால் தாராளமாகப் போங்கள். 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த விழா அது. ஊர் இரவு முழுவதும் விழித்திருக்கும், பந்தலுக்குப் பந்தல் மக்கள் நடப்பார்கள், மெட்ரோவில் மூச்சுவிட இடமிருக்காது. நம் தசராவையும் நவராத்திரிக் கொலுவையும் ஒன்றாக்கிப் பன்மடங்கு பெருக்கினாலும் அந்தக் கூட்டத்துக்கு ஈடாகாது.

கூட்டம் வேண்டாம், சிலைகளை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் டிசம்பரே நல்ல காலம். சோபாபஜார் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் குமார்டுலி இருக்கிறது. குயவர்கள் குடியிருப்பு என்பதே அதன் பொருள். அந்தப் பருவத்தில் அங்கே, வங்காளத்தில் தை–மாசியில் வரும் சரஸ்வதி பூஜைக்கான சிலைகள் உருவாகிக்கொண்டிருக்கும். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணலால் இறுகக் கட்டி இடுப்பும் தோளும் கழுத்தும் வடிப்பார்கள். அதன்மேல் உமி கலந்த முரட்டு மண்ணைப் பூசி, காய்ந்து வெடித்தபின் வழவழப்பான மண்ணால் மெழுகுவார்கள். விரல்களைத் தனியாகப் பிடித்து ஒட்டுவார்கள். ஒரு சந்தில் தலையில்லாத வைக்கோல் உடல்கள் முப்பது நாற்பது வரிசையாகச் சுவரில் சாய்ந்து நிற்பதைக் கண்டு என் இளைய பிள்ளை முதலில் பயந்து, பிறகு அங்கிருந்து வர மறுத்தது. கைவினைஞர்கள் வேலைக்கு நடுவே இருப்பவர்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

வேலூர் வாசகர்: மனிதர் இழுக்கும் ரிக்‌ஷா இன்னும் அங்கே இருக்கிறதாமே. பிள்ளைகளை அதில் ஏற்றலாமா, கூடாதா?

இருக்கிறது, நியூ மார்க்கெட் பக்கத்துத் தெருக்களிலும் வடக்குக் கொல்கத்தாவின் சந்துகளிலும் பார்ப்பீர்கள். தமிழ்நாட்டில் 1970-களிலேயே கைரிக்‌ஷா ஒழிக்கப்பட்டுவிட்டது. மேற்கு வங்கச் சட்டமன்றம் 2006-இல் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தும், வழக்காலும் மாற்றுப் பிழைப்புக்கு வழியில்லாமையாலும் அது நடைமுறைக்கு வராமலே நின்றது. ஏறாமல் விட்டால் அவருக்கு அன்றைய கூலி போகும் என்பதும் உண்மை, வேடிக்கைக்காக ஏறிப் படம் எடுத்துக்கொள்வது உறுத்தும் என்பதும் உண்மை. நான் எடுத்த முடிவு இது: மழைநீர் தேங்கிய தெருவிலோ, நடக்க முடியாத முதியவருக்காகவோ தேவை ஏற்பட்டால் ஏறலாம், பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுக்கலாம்; 'அனுபவத்துக்காக' ஏற வேண்டாம். நியூ மார்க்கெட்டில் சாமான்களோடு நின்றபோது, என் பைகளை மட்டும் ஏற்றிவிட்டு உடன் நடந்திருக்கிறேன். அந்தப் பெரியவர் அதைப் பைத்தியக்காரத்தனமாக எடுத்துக்கொண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஈரோடு வாசகி: அதே பயணத்தில் டார்ஜிலிங்கையும் சுந்தரவனத்தையும் சேர்த்துவிடலாமா?

ஐந்து நாள்களில் கூடாது. டார்ஜிலிங் போய்வர இரண்டு இரவுகள் ரயிலிலேயே கழியும். சுந்தரவனத்தை ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பிப் போனால், அதில் பெரும்பகுதி சாலையிலும் படகுத்துறையிலும் காத்திருப்பதுதான். காடும் அலையாற்றியும் பார்க்கப் பிச்சாவரம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கொல்கத்தாவிலேயே மரம் பார்க்க வேண்டும் என்றால், ஹவுராப் பக்கம் ஷிப்பூரில், 1787-இல் உருவான தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்துக்குப் போங்கள். அடிமரத்தைப் பூஞ்சை அரித்ததால் 1925-இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். விழுதுகளே இன்று மரமாக நின்று பரவிக்கொண்டிருக்கின்றன. அடையாற்று ஆலமரத்தின் நடுமரம் 1989 புயல்காற்றில் சாய்ந்ததை அறிந்தவர்கள் அங்கே சற்று நேரம் கூடுதலாக நிற்பார்கள். கோரமண்டல் விரைவு ரயிலில் வருபவர்கள் இறங்கும் ஷாலிமார் நிலையமும் அதே கரையில் உள்ளதால், திரும்பும் நாளில் இதை வைத்துக்கொள்வது வசதி.

மதுரை வாசகி: உறவினர்களுக்கு என்ன வாங்கி வரலாம்? ரசகுல்லா ரயிலில் தாங்குமா?

மூடி அடைத்த தகர டப்பாவில் வருவது தாங்கும். ஆனால் அது மதுரையிலேயே கிடைக்கும். குளிர்காலத்தில் மட்டும் கிடைப்பது 'நொலேன் குர்' என்னும் புதுவெல்லம். பனைமரத்தில் நாம் பதநீர் இறக்குவதுபோல், அங்கே ஈச்சமரத்தைச் சீவி இரவில் பானை கட்டி, விடியற்காலையில் இறக்கிக் காய்ச்சுகிறார்கள். அதைச் சேர்த்துச் செய்த சந்தேஷ் என்னும் இனிப்பு இளம்பழுப்பு நிறத்தில் இருக்கும். பாலாடைக்கட்டியில் செய்வதால் இரண்டு நாள்களுக்கு மேல் வைக்கக் கூடாது. சென்னைக்கே ஏறக்குறைய 27 மணி நேரப் பயணம் என்பதால், அதை அங்கேயே உட்கார்ந்து தின்றுவிடுவதுதான் உத்தமம். உறவினர்களுக்கு, அச்சுவெல்லமாகக் கெட்டிப்பட்ட 'பாட்டாலி' வாங்குங்கள். செய்தித்தாளில் சுற்றித் துணிகளுக்கு நடுவே வைத்தால் மதுரை வந்து சேரும்வரை கெடாது. சேலைக்குக் கரியாஹாட் கடைத்தெரு. நெசவு நெருக்கமான தாந்த் பருத்திச் சேலை முதல் துவைப்பு வரை மொடமொடப்பாக இருக்கும். கிறிஸ்துமஸ் வாரத்தில் நியூ மார்க்கெட்டுக்குள் இருக்கும், 1902-இல் தொடங்கப்பட்ட நஹூம் என்ற யூதர் அடுமனையில் பழக் கேக்குக்காக வரிசை சந்தையின் நடைபாதை நெடுக நிற்கும். காலையில் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விட்டால் அரைமணியில் வாங்கிவிடலாம். அது ஒரு வாரம் தாங்கும்.